பழைய பிஸ்டனை எறிஞ்சிராதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. கராஜில் வேலை பழகுகிற தம்பிமார், போட் வைத்திருக்கிற சகோதரர்கள், பிள்ளைகளைத் தொழினுட்பப் பிரிவில் சேர்த்திருக்கிற பெற்றோர் ஆகிய மூன்று தரப்பும் கடைசி வரை வாசித்தால் சந்தோசம்.

சொல்ல வருவது ஒரு விசயம்தான். முதல் தடவையாக ஒரு இன்ஜினைக் கழற்றிச் செய்கிறவனுக்கு உண்மையான பரீட்சை பூட்டுவதில் இல்லை. பூட்டுவதை யூடியூப் பார்த்தும் செய்யலாம், பக்கத்தில் நிற்கிற பாஸிடம் கேட்டும் செய்யலாம். கழற்றும்போது உள்ளே இருந்து வருகிற சேதமான சாமானை என்ன செய்வது என்பதுதான் பரீட்சை. அந்த இடத்தில் நம்ம பொடியன்மாருக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எனது அபிப்பிராயம்.

நமது ஊர்களில் இரண்டு பழக்கம் இருக்கிறது. ஒன்று, "பழசத் தூக்கி எறி, புதுசப் போடு." மற்றது, "இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடும், போட்டுப் பாப்பம்." முதலாவது கையில் காசு இருக்கிறவரின் பேச்சு, இரண்டாவது காசு இல்லாதவரின் பேச்சு. பார்ப்பதற்கு எதிரும் புதிரும் மாதிரித் தெரியும். ஆனால் இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்காமல் விடுகிறார்கள். இந்தச் சாமான் ஏன் இப்படி ஆனது?

வாவிப் பக்கத்து ஆட்களுக்கு விளங்குகிற உதாரணமாக, போட்டின் பின்னால் பூட்டுகிற இன்ஜினையே எடுப்போம். அரச கடிதங்களில் வெளியிணைப்பு இயந்திரம் என்று எழுதுவார்கள். நம்ம கரையில் சின்ன ஃபைபர் போட்டுகளில் அதிகம் ஓடுவது மண்ணெண்ணெயில் ஓடுகிற டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடாகின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெற்றோலுக்குக் கொண்டுவர வேண்டும். ஒயில் தனியாகச் சுற்றுவதில்லை. எரிபொருளோடு கலந்து வருகிற ஒயில்தான் பிஸ்டனையும் பெயாரிங்கையும் காப்பாற்றுகிறது. இன்ஜினைக் குளிர வைப்பது, கீழே இருக்கிற சின்ன ரப்பர் இம்பெலர் மேலே தள்ளுகிற தண்ணீர்.

இப்போது யோசியுங்கள். அந்தத் தண்ணீர் குழாய்த் தண்ணீர் இல்லை. வாவியின் சேறு, கடலின் உப்பு, கரையோர மணல், யாரோ வீசின ஷொப்பிங் பேக் எல்லாம் அதே வழியாகத்தான் வரும். ஆகவே பிஸ்டன் பிடித்து நின்ற இன்ஜின் ஒன்று கராஜுக்கு வந்தால், குற்றவாளி பிஸ்டனாக இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. பிஸ்டன் அநேகமாக அடி வாங்கினவன். அடித்தவன் வேறு எங்கேயோ இருக்கிறான்.

என்னிடம் படித்த ஒரு தம்பி, சாதாரண தரம் முடித்துவிட்டு மச்சானின் கராஜில் நிற்கிறான். முதன்முதலாகத் தனியாகச் செய்யக் கிடைத்தது அவனுடைய மாமாவின் போட் இன்ஜின். பிஸ்டனில் ஒரு பக்கம் முழுக்கக் கீறல், றிங் ஒட்டிப்போய் இருக்கிறது. படம் எடுத்து எனக்கு அனுப்பினான்.

"சேர், சிலிண்டரப் போர் பண்ணிப் புதுப் பிஸ்டன் போட்டாச் சரிதானே?"

"பழைய பிஸ்டன எறிஞ்சிட்டியா தம்பி?"

"இல்ல சேர், வாளிக்குள்ள கிடக்கு."

"எடுத்துக் கழுவு. எந்தப் பக்கம் கீறியிருக்கு எண்டு பாத்துச் சொல்லு."

எக்ஸோஸ்ட் பக்கம். இன்ஜினில் ஆகச் சூடான பக்கம் அதுதான். அப்படியென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீர். கீழ்ப்பகுதியைக் கழற்றி இம்பெலரைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு இதழ் இல்லை. "புது இம்பெலர் வாங்கிட்டன் சேர்" என்றான். "அந்த ரெண்டு இதழும் எங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பின்னேரம் படம் வந்தது. ஒரு துண்டு மேலே தண்ணீர் போகிற வழியில், தெர்மொஸ்டாட் வாசலில் அடைத்துக்கொண்டு கிடந்தது. மற்றது அதற்குக் கொஞ்சம் கீழே.

அவன் புதுப் பிஸ்டனும் புது இம்பெலரும் போட்டு, அந்த ரப்பர் துண்டுகளை உள்ளே விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? இன்ஜின் ஸ்டார்ட் ஆகியிருக்கும். கரையில் எல்லோரும் கைகொடுத்திருப்பார்கள். கொஞ்ச நாளில் திரும்பப் பிடித்திருக்கும். அது எந்த இடத்தில் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. முகத்துவாரத்தில், அலை உடைகிற இடத்தில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று நான் மீனவக் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சோளகக் கச்சான் அடிக்கிற நேரத்தில் ஆழத்தில் நின்றால், காற்று போட்டைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டு போகும்.

ஆகவே எனது முதலாவது விதி: உடைந்த சாமானின் காணாமல்போன துண்டைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் இன்ஜினை மூடக்கூடாது. றிங் உடைந்தால் துண்டுகளைச் சேர்த்து முழு வட்டம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மிச்சத் துண்டு கிராங்க் கேஸுக்குள் இருக்கலாம். பெயாரிங் உடைந்தால் உருளைகளை எண்ணுங்கள். எண்ணுவதற்குக் காசு செலவில்லை.

இரண்டாவது விதி: சேதத்தை வாசிக்கப் பழகுங்கள். எக்ஸோஸ்ட் பக்கம் மட்டும் கீறல் என்றால் சூட்டையும் தண்ணீர் வழியையும் பாருங்கள். சுற்றிவர நாலு இடத்தில் கீறல் என்றால், சிலிண்டர் விரிவதற்கு முன்னால் பிஸ்டன் விரிந்துவிட்டது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணின கையோடு முழுக்க முறுக்குகிற பழக்கம் இருக்கிறதா என்று போட்காரரிடம் கேளுங்கள். பிஸ்டனின் தலை ஓரத்தில் எலி கொறித்த மாதிரிச் சின்னச் சின்னக் குழி இருந்தால், எரிபொருள் நேரம் தவறி வெடித்திருக்கிறது. மண்ணெண்ணெயில் அது இலகுவாக நடக்கும். றிங் கரி பிடித்து ஒட்டியிருந்தால், ஒயிலின் தரத்தையும் நிறுத்துகிற முறையையும் விசாரியுங்கள். இப்படி ஒவ்வொரு காயமும் ஒரு வசனம். அதை வாசிக்காமல் வாளிக்குள் போடுகிறவன், கடிதத்தைப் பிரிக்காமல் கிழிக்கிறவன் மாதிரி.

இது சின்னக் கராஜ்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பெரிய கம்பனிகளே இதில்தான் வாழ்ந்தும் விழுந்தும் இருக்கின்றன. றோட்டரி இன்ஜின் என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களில் இருந்தது. ஜேர்மனியில் ஃபீலிக்ஸ் வாங்கெல் என்பவரின் கண்டுபிடிப்பு. பிஸ்டன் மேலும் கீழும் போவதற்குப் பதிலாக, முக்கோணம் மாதிரியான றோட்டர் ஒன்று நிலக்கடலைக் கோது போன்ற அறைக்குள் சுற்றும். அந்த முக்கோணத்தின் மூன்று முனையிலும் ஒவ்வொரு மெல்லிய சீல். நம்ம பிஸ்டன் றிங் செய்கிற வேலையை அதுதான் செய்கிறது.

ஹிரோஷிமாவில் இருக்கிற மஸ்டா கம்பனி 1961 இல் அந்த இன்ஜினைச் செய்ய ஒப்பந்தம் போட்டது. ஓட்டிப் பார்த்தால், கொஞ்ச நேரத்தில் அறையின் உள்சுவரில் வரிசை வரிசையாகக் கீறல் விழுந்தது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் பேயின் நகக் கீறல். சுவர் கீறினால் நமக்கு முதலில் என்ன தோன்றும்? சுவர் மெத்து, இன்னும் கடினமான சுவர் போடு என்றுதானே. 1963 இல் யமமோட்டோ கெனிச்சி என்பவரின் தலைமையில் 47 பேர் கொண்ட குழு ஒன்று அந்தக் கீறலை ஆராய உட்கார்ந்தது. அவர்கள் கண்டுபிடித்தது, சீல் தன்னுடைய இயற்கை மீடிறனில் அதிர்கிறது, அந்த அதிர்வுதான் சுவரைக் கொத்துகிறது என்பதை. உயர்தரப் பௌதிகவியலில் பரிவு என்று பிள்ளைகள் படிக்கிறார்களே, அதேதான். சீலின் உள்ளே சிலுவை மாதிரித் துளை போட்டு மீடிறனை மாற்றினார்கள், கீறல் நின்றது. பிறகு விற்பனைக்குப் போன காரில் காபனும் அலுமினியமும் சேர்த்த சீல் போட்டார்கள். 1967 இல் கொஸ்மோ ஸ்போர்ட் கார் வெளியே வந்தது. 1991 இல் அதே வகை இன்ஜினோடு லு மான் 24 மணிநேர ஓட்டத்தையும் வென்றார்கள்.

காயம் இருந்தது சுவரில். காரணம் இருந்தது சீலில்.

மறுபக்கம், இந்த இன்ஜினை முதலில் செய்த ஜேர்மன் கம்பனி என்எஸ்யூ. அவர்களும் அதே 1967 இல் றோ 80 என்ற காரை விட்டார்கள். 1968 இல் ஐரோப்பாவின் ஆண்டுக்குரிய கார் என்ற பரிசும் கிடைத்தது. ஆனால் சீல் சீக்கிரம் தேய்ந்தது. வாங்கினவர்கள் முறைப்பாட்டோடு வர வர, கம்பனி உத்தரவாதத்தின் கீழ் இன்ஜினையே மாற்றி மாற்றிக் கொடுத்தது. ஒரு றோ 80 காரர் இன்னொருவரைத் தெருவில் கண்டால், எத்தனையாவது இன்ஜின் ஓடுகிறது என்று விரல் காட்டுவாராம் என்று ஒரு பகிடிக் கதை கூட உண்டு. சீலைப் பின்னாளில் திருத்தினார்கள், ஆனால் கெட்ட பெயர் போகவில்லை. அந்தச் செலவின் பாரமும் சேர்ந்து, 1969 இல் அந்தக் கம்பனி வொக்ஸ்வேகன் குழுமத்துக்குள் போய்விட்டது. புதுசு போடுவதால் மட்டும் ஒரு இன்ஜின் சுகமாகிவிடும் என்றால், என்எஸ்யூ இன்றைக்கும் தனிக் கம்பனியாக இருந்திருக்கும்.

"சேர், இதெல்லாம் ஜப்பானுக்கும் ஜேர்மனிக்கும் சரி, எங்களுக்குச் சாமான் வாங்கவே காசு இல்லை" என்று சிலர் எழுதுவீர்கள். நியாயமான பேச்சு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐயும் தாண்டினது நமக்கு மறக்காது. அதே வருடம் ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்குப் போனது. இறக்குமதிச் சாமான் எல்லாம் அந்தக் காலத்தில் ஏறின விலையில்தான் நமது கைக்கு வருகிறது. எல்லாவற்றையும் கம்பனிச் சாமானாக வாங்கிப் போடு என்று சொல்ல நான் வரவில்லை. எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது என்று பிரிக்கத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கழற்றின சாமானை மூன்று குவியலாக வையுங்கள்.

முதல் குவியல், திரும்பப் போடவே கூடாதவை. கேஸ்கட், ஒயில் சீல், ஓ றிங், பிஸ்டன் பின் கழன்று வராமல் பிடிக்கிற கம்பி லொக். இன்ஜினுக்குள் விலை குறைந்த சாமான் இதுகள்தான். ஆனால் விலை கூடின சாமானைக் கொல்வதும் இதுகள்தான். அந்தக் கம்பி லொக் ஓடுகிற நேரம் கழன்றால் பின் வெளியே வந்து சிலிண்டரை உழுதுவிடும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒயில் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். காற்றுக் கூடினால் எரிபொருள் குறையும், எரிபொருளோடு வருகிற ஒயிலும் குறையும், பிஸ்டன் பிடிக்கும். இந்தக் குவியலில் மிச்சம் பிடிக்கிற காசு, வீட்டுக்கூரையில் ஓடு வாங்காமல் மிச்சம் பிடிக்கிற காசு மாதிரி.

இரண்டாவது குவியல், லேத் பட்டறையில் திருத்தக் கூடியவை. சிலிண்டர் தேய்ந்திருந்தால் போர் பண்ணி 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். புரி அழிந்த துளைக்குக் கம்பிச் சுருள் புரி போடலாம். ஹெட் கொஞ்சம் வளைந்திருந்தால், தடித்த கண்ணாடியின் மேல் எமரித் தாள் ஒட்டி எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்து மட்டம் எடுக்கலாம். உப்பில் இறுகின போல்ட்டை மல்லுக்கட்டி முறிக்காமல், சூடுகாட்டி ஒயில் விட்டு ஒரு இரவு பொறுத்தால் அநேகமாக வந்துவிடும். றோட்டரி இன்ஜின் செய்கிறவனுக்கு இந்த வசதி பெரிதாக இல்லை. அந்த அறைச் சுவர் கீறிவிட்டால், நம்ம சிலிண்டர் மாதிரிப் போர் பண்ணி அடுத்த சைஸுக்குப் போக முடியாது. அந்த வகையில் நாம் அதிர்ஷ்டக்காரர்.

மூன்றாவது குவியல்தான் சண்டை வருகிற குவியல். பிஸ்டன், றிங், கொன்ரொட், பெயாரிங் என்று போடலாமா கூடாதா தெரியாத சாமான்கள். இதில் கண்ணை நம்பாதீர்கள், விரல் நகத்தையும் நம்பாதீர்கள். அளவுகோலை நம்புங்கள். சேர்விஸ் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் எல்லை போட்டிருக்கிறது. எல்லைக்குள் இருந்தால் பழசு என்றாலும் போடலாம். எல்லையைத் தாண்டினால் பளபளப்பாக இருந்தாலும் போடக்கூடாது.

"அளக்கச் சாமான் இல்லையே" என்பார்கள். ஃபீலர் கேஜ் என்று மெல்லிய தகடுகளின் கட்டு ஒன்று விற்கிறது, பெரிய விலை இல்லை. புது றிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளிவிட்டு, றிங்கின் வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அந்தத் தகட்டால் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு: சுற்றளவு என்றால் விட்டத்தின் 3.14 மடங்கு. சிலிண்டர் விட்டத்தில் 0.1 மில்லிமீற்றர் தேய்ந்தால், றிங் வாய் 0.31 மில்லிமீற்றர் கூட விரியும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற பூதக்கண்ணாடி இது. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்தால் சிலிண்டர் கூம்பாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் தெரியும்.

இதில் எனக்கு உள்ள மனவருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பாடசாலை ஆய்வுகூட அலுமாரிகளில் வேணியர் இடுக்கி இருக்கிறது, 0.01 மில்லிமீற்றர் அளக்கிற நுண்மானித் திருகுக் கணிச்சி இருக்கிறது. பிள்ளைகள் அதில் செப்புக் கம்பியின் விட்டத்தை அளந்து, பூச்சிய வழு கழித்து, பரீட்சைக்கு எழுதுகிறார்கள். அந்தப் பாடசாலைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற கராஜில் பிஸ்டன் பின்னை நகத்தால் தடவிப் பார்த்து "நல்லா இரிக்கி" என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். அளக்கத் தெரிந்தவனிடம் அளக்கச் சாமான் இல்லை, சாமான் இருக்கிறவனிடம் அளவுகோல் இல்லை. பாடசாலைக் கணிச்சி பொதுவாக 25 மில்லிமீற்றர் வரைக்கும்தான், பிஸ்டனை அதனால் அளக்க முடியாதுதான். ஆனால் பின்னையும் பெயாரிங் உருளையையும் தாராளமாக அளக்கலாம்.

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கியது. நம்ம பிள்ளைகளும் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்களுக்கு நாம் காட்டுகிற இன்ஜின் எப்படிப்பட்டது? பாதியாக வெட்டி, சிவப்பும் நீலமும் பெயின்ட் அடித்த நல்ல இன்ஜின். அதில் எல்லாம் சரியாக இருக்கும். வேலைக்குப் போனால் அந்தப் பிள்ளையின் கையில் கிடைப்பது சரியில்லாத இன்ஜின் மட்டும்தான். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு விசயம், பிள்ளையின் பிழையான விடையைச் சிவப்புப் பேனையால் வெட்டுவதற்கு முன், எந்தப் படியில் பிழைத்தது என்று பார் என்பது. கணக்கில் அதைச் செய்கிற நாம், இரும்பில் ஏன் செய்யக்கூடாது?

எனது யோசனை சின்னது, செலவும் இல்லாதது. தொழினுட்பப் பாடம் உள்ள ஒவ்வொரு பாடசாலையிலும் உடைந்த சாமானுக்கு ஒரு தட்டு ஒதுக்குவோம். பிடித்த பிஸ்டன், இதழ் போன இம்பெலர், எரிந்த பிளக், முறிந்த றிங். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு மட்டை: எந்த இன்ஜின், என்ன நடந்தது, காரணம் என்ன, பிறகு என்ன செய்தது. ஒரு பாடவேளைக்குக் காரணத்தை மறைத்துவிட்டுப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். கராஜ் பாஸ்மாரைக் கூப்பிட்டு அந்தப் பாடத்தை நடத்தச் சொன்னால் இன்னும் நல்லது. அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. நம்மிடம் இருக்கிற அளவுகோல் அவர்களிடம் இல்லை.

போட்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. காக்காமாரே, இன்ஜினைச் செய்யக் கொடுத்தால் "எப்ப முடியும், எவ்வளவு முடியும்" என்ற இரண்டு கேள்வியோடு நிற்காதீர்கள். "ஏன் இப்படியானது" என்று மூன்றாவது கேள்வியையும் கேளுங்கள். பழைய சாமானை ஒரு பேக்கில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அது சந்தேகப்படுவது ஆகாது, உங்களுடைய உரிமை. முதல் வேலை செய்கிற பொடியன் ஒருவன் "இந்தச் சாமானைத் திரும்பப் போடேலாது மாமா" என்று சொன்னால், "நீ நேத்துப் பழகின பொடியன்" என்று அவன் வாயை அடைக்காதீர்கள். அளவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் ஏற்றுக்கொள்ளுங்கள். அவன் பயந்துபோய் வாய் திறக்காமல் பூட்டுகிற இன்ஜினில் கடலுக்குப் போவது நீங்கள்தான்.

தம்பிமாருக்குக் கடைசியாக. கழற்றும்போது ஏதாவது உங்கள் கையால் முறிந்துவிட்டாலும் ஒளிக்காதீர்கள். முதல் இன்ஜினில் ஏதாவது முறியும், அது எல்லோருக்கும் நடக்கிறது. உடனே உரிமையாளரிடம் சொல்லுங்கள், முறிந்ததைக் காட்டுங்கள், அதற்கு வழி என்ன என்று பாஸிடம் கேளுங்கள். ஒட்டுப் போட்டு மூடி அனுப்பினால் அது அமானிதத்தில் செய்கிற மோசடி.

காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கத்தில் கராஜ், லேத் பட்டறை வைத்திருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாளிக்குள் கிடக்கிற உடைந்த சாமானை இரும்புக்குப் போடுவதற்கு முன் எனக்கு உள்பெட்டியில் ஒரு மெசேஜ் போடுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். எந்த இன்ஜின், என்ன நடந்தது என்று இரண்டு வரி சொன்னால் போதும். வேறு பாடசாலை ஆசிரியர்கள் யாராவது இதைத் தொடங்க விரும்பினாலும் எழுதுங்கள், சேர்ந்தே செய்வோம், இன்ஷா அல்லாஹ்.